முள்ளாமைக்காரன் மேல் ஒரு பிராது

முள்ளாமையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்ன ஆள், அந்தக் குரூப் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இளவரசன் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அது வெறும் கேலிப்பொருள். நகர்வதற்கே ஒரு யுகம் ஆகும். அடித்தால் எதிராளிக்கு முதுகு சொறிந்துவிட்ட மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் முள் இருந்தும் யாரையும் குத்தாது. புதிதாக ஆட வருபவர்கள்கூட அதைப் பிடித்த கையோடு காட்டிலேயே திருப்பி விட்டுவிடுவார்கள்.

பூதக்கூடு என்பது போனில் ஆடும் ஆட்டம். அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு, கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் அதை யாரும் வாயில் நுழைத்ததில்லை. திரையில் தெரியும் காடு, குளம், மலை என்று அலைந்து பூதங்களைப் பிடிக்க வேண்டும், தீனி போட்டு வளர்க்க வேண்டும், பிறகு அடுத்தவன் பூதத்தோடு மோதவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைத்தீர்களானால் ஏமாந்து போவீர்கள். இதற்கென்றே இருக்கும் வாட்ஸப் குரூப்பில் மொத்தம் அறுநூறு பேர். மருந்துக்கடைக்காரர், கல்லூரி வாத்தியார், உளுந்தூர்பேட்டை ஹைவேயில் பரோட்டா போடும் மாஸ்டர், கூட்டுறவு பேங்க் கேஷியர் எல்லோரும் உண்டு. அறுநூறு பேருக்கும் அறுநூறு அபிப்பிராயம். எந்தப் பூதம் ஒசத்தி, எது தண்டம், எந்த அடிக்கு எது தாங்கும் என்று பொழுது விடிந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் பெண்டாட்டி என்ன சமையல் என்று கேட்டால் பதில் வராது. நெருப்புக்குத் தண்ணீர் பெரிதா, தண்ணீருக்கு மின்னல் பெரிதா என்று எவனோ கேட்டால் ஒரு முழம் பதில் வரும்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் வடக்கனந்தல் தீனதயாளன். முப்பது வயது. ஐந்து ஏக்கர் கரும்பு, ஒரு டிராக்டர், ராதிகா என்ற பொறுமைசாலி மனைவி. வாரத்துக்கு ஒருமுறை பூதங்களைத் தரம் பிரித்து வாய்ஸ் நோட் போடுவான், அவன் சொன்னதுதான் அங்கே சட்டம். அவனுடைய செல்லம் கனல்நரி. நாலு வருஷமாக வளர்த்தது, மின்னல் வேகம், மூன்று அடியில் எதிராளி காலி. ஆட்டம் என்றால் அடி, அடியென்றால் வேகம், மற்றதெல்லாம் சப்பைக்கட்டு என்பது அவன் கட்சி.

இளவரசன் கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கைச் சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கத்து மில்லுக்குப் போவான். போகும் வழியில் வடக்கனந்தல் திருப்பத்தில் ஆரன் அடித்துத் தீனதயாளனைக் கூப்பிடுவான். சண்டையில் ஆரம்பித்த பழக்கம் அது. முள்ளாமை தண்டம் என்று தீனதயாளன் ஒரு நாள் தரம் பிரிக்க, அதுவரை வாயே திறக்காத ஒருவன் வரிந்து கட்டிக்கொண்டு வந்து, 'நீ அதை ஒரு வாரமாவது வெச்சு ஆடிப் பாத்தியா?' என்று கேட்டான். அன்று தொடங்கிய வாதம் மூன்று வருஷமாக முடியவில்லை. முடிய வேண்டும் என்று இருவருக்குமே ஆசை இல்லை.

"அடிக்கத் தெரியாததெல்லாம் ஒரு பூதமா மச்சான்? கல்லு மாதிரி குந்திக்கினு கீது."

"கல்லு மேல எத்தினி நேரம் அடிப்பே? உனக்குத்தான் கை ஓயும். மணி அடிக்கற வரைக்கும் நின்னா போதும்டா. அடிக்கறவன் அடிச்சு அடிச்சு ஓஞ்சிருவான், நின்னவன் ஜெயிச்சிருவான்."

அது ஆட்டத்தின் விதிதான். பத்து நிமிஷத்தில் மணி அடிக்கும், அப்போது யாருக்கு உயிர் அதிகம் மிச்சமிருக்கிறதோ அவர்களுக்கு வெற்றி. ஆனால் மணி அடிக்கும்வரை பொறுமையாக அடி வாங்கிக்கொண்டு நிற்க யாருக்கு மனசு வரும்? இளவரசனுக்கு வந்தது. முள்ளாமைக்குக் கவசம் என்று ஒரு வித்தை உண்டு. பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் கூட நிற்கும் பூதத்தின் மேல் விழும் அடியையும் அதுவே வாங்கிக்கொள்ளும். இருவரும் ஜோடி சேர்ந்து ஆடியபோதுதான் தீனதயாளனுக்கு அதன் அருமை தெரிந்தது. முள்ளாமை அடி வாங்கும், நரி அடிக்கும். மாவட்டத்தில் இவர்களை அசைக்க ஆளில்லை. ஆனாலும் வாய்ஸ் நோட்டில் முள்ளாமையைக் கடைசி வரிசையிலிருந்து மேலே ஏற்ற அவனுக்கு மனசு வரவில்லை. தலைவர் அல்லவா, சொன்ன சொல்லை மாற்றினால் கௌரவம் என்னாவது?

மாநில இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. எதிரில் சேலத்து ஜோடி. இறுதி ஆட்டத்தில் ஒரு கொடூரமான விதி உண்டு. தோற்கும் ஜோடியில் முன்னால் நிற்கும் பூதம் காட்டுக்குப் போய்விடும், திரும்ப வராது. தீனதயாளன் நரியை முன்னால் நிறுத்தினான். இளவரசன் வெள்ளிமலை ரோட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி உள்ளேயே உட்கார்ந்து ஆடினான். எட்டு நிமிஷம் வரை எல்லாம் நன்றாகப் போனது. அதற்கப்புறம் முள்ளாமையின் கவசம் விலகியது. மறுபடி வரவில்லை.

"கவசம் போடு! இளவரசா, கவசம்! இன்னா பண்றே அங்க?"

அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை. ராதிகா அடுக்களையிலிருந்து ஓடி வந்து பார்க்கும் அளவுக்குத் தீனதயாளன் கத்தினான். முள்ளாமை சும்மா நின்றது. அடியெல்லாம் நரியின் மேல் விழுந்தது. மணி அடிக்க நாற்பது விநாடி இருக்கும்போது நரி சுருண்டது. தோற்றதும் அது எழுந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மரங்களுக்கு நடுவே போய்விட்டது. தீனதயாளன் அழுதான். வெட்கமில்லாமல் அழுதான் என்றே சொல்ல வேண்டும். நாலு வருஷம் தினமும் தீனி போட்டவனுக்கு அது பொம்மை இல்லை.

அரை மணி கழித்து இளவரசன் போன் செய்தான். குரல் குழறியது.

"மச்சான், கை மரத்துப்போச்சு. பட்டன் மேலதான் வெச்சிக்கினு இருந்தேன், வெரலு அசையல."

"தோத்தவன் எல்லாம் இதத்தான்டா சொல்லுவான். ஒருத்தனுக்கு நெட்டு போவும், ஒருத்தனுக்கு சார்ஜு போவும், உனக்குக் கை போச்சா? நேத்து சேலத்துக்காரன் உனக்குப் போன் பண்ணான்னு நீதானே சொன்னே?"

"அவன் சும்மா பேசினான்டா. முள்ளாமைய எப்டி வளக்கறேன்னு கேட்டான்."

"சும்மா பேசினானா!" என்று சொல்லித் தீனதயாளன் போனை வைத்துவிட்டான்.

அன்று மாலைக்குள் விஷயம் குரூப்பில் பற்றிக்கொண்டது. பற்ற வைத்தவனும் தீனதயாளன்தான். 'கை மரத்துப்போச்சாம்' என்று ஒரே வரி போட்டான். அது போதாதா? சேலத்துக்காரனிடம் ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று ஒருவன் எழுதினான். மலைக்காரனை நம்பினால் பாதி வழியில்தான் நிற்க வேண்டும் என்று இன்னொருவன் எழுதினான். அந்த வரியை அழிக்கத் தீனதயாளனால் முடியும், அவன்தான் அட்மின். அழிக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டான். பிறகு இளவரசனைக் குரூப்பை விட்டே நீக்கினான்.

"கொளஞ்சியப்பர்கிட்ட ஒரு பிராது குடுங்க தலைவரே" என்று விளையாட்டாகத்தான் எழுதினான் தமிழழகன். உளுந்தூர்பேட்டைப் பரோட்டா மாஸ்டர் அவன்தான், குரூப்பின் இன்னொரு அட்மின். ஆனால் தீனதயாளன் வீட்டில் அது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. அவன் அப்பா காலத்தில் கிணற்று மோட்டார் திருட்டுப் போனபோது விருத்தாசலம் போய்க் கொளஞ்சியப்பர் கோவிலில் பிராது எழுதிக் கட்டினார், ஒரே மாதத்தில் மோட்டார் வரப்பில் கிடந்தது. கோர்ட்டில் மனுக் கொடுப்பது போலத்தான். எதிராளி பேர், தகப்பன் பேர், ஊர், கோவிலிலிருந்து அந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாம் எழுதிச் சாமி முன்னால் வைத்துக் கட்டிவிட்டு வர வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் சாமி தீர்ப்புச் சொல்லிவிடும் என்பது ஜனங்களின் நம்பிக்கை.

"ஒரு போன் ஆட்டத்துக்காகவா சாமிகிட்ட போறே?" என்றாள் ராதிகா. "நாலு பேரு கேட்டா சிரிப்பாங்க."

"ஆட்டத்துக்காக இல்ல. துரோகத்துக்காக."

ஆட்டம் முடிந்து ஒன்பதாம் நாள் அவன் விருத்தாசலம் போனான். நரி என்றோ பூதம் என்றோ எழுதவில்லை, எழுதக் கூச்சம். 'என்னோடு கூட நின்று, பாதியில் கைவிட்டு, எனது நான்கு வருட உழைப்பைக் கெடுத்தவனைத் தெய்வம் விசாரிக்க வேண்டும்' என்று எழுதினான். அதைப் படமெடுத்துக் குரூப்பில் போட்டான். தமிழழகன் மறுநாள் காலை 'நாள் 1' என்று எழுதினான். அதற்கு மறுநாள் 'நாள் 2'. அப்படியே தினமும் ஒரு வாடிக்கையாகிப் போனது.

படத்தை யாரோ இளவரசனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவனிடமிருந்து ஒரே ஒரு வாய்ஸ் நோட் வந்தது.

"பாத்தேன் மச்சான். செத்துப்போன எங்கம்மா பேரே அந்த சாமி பேருதான், கொளஞ்சியம்மா. அது தப்பா தீர்ப்பு சொல்லாது. தொண்ணூறு நாளுதானே? நிக்கறேன்."

தீனதயாளன் பதில் போடவில்லை. திமிர் பேச்சு என்று நினைத்தான். அதற்குப் பிறகு வடக்கனந்தல் திருப்பத்தில் அந்த ஆரன் சத்தம் கேட்கவில்லை. என் மூஞ்சியில் முழிக்கப் பயந்துகொண்டு ஆத்தூர் பக்கமாகச் சுற்றிப் போகிறான் என்று ராதிகாவிடம் சொல்லிக்கொண்டான். சொன்னானே ஒழிய, கிழங்கு வண்டி எது போனாலும் அவன் கழுத்து தானாகத் திரும்பியது. புது நரி ஒன்றைப் பிடித்து வளர்க்கத் தொடங்கினான். யாரோடு ஜோடி சேர்ந்தாலும் ஆட்டம் ருசிக்கவில்லை. முள்ளாமை தண்டம் என்று சொன்னால் இப்போது எல்லோரும் ஆமாம் போட்டார்கள், அதில் என்ன சுகம் இருக்கிறது?

எழுபத்தொன்பதாம் நாள் காலை, கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது வரப்பு மேல் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி, ஆள் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள்.

"நீங்கதான் தீனாவா? நான் கோகிலவாணி. இளவரசனுக்கு அக்கா."

தீனதயாளன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தான்.

"என் தம்பிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க தம்பி. நான் சொன்னா கேக்க மாட்டேன்றான். நீங்க சொன்னா கேப்பான்."

"ஆஸ்பத்திரிக்கா? இன்னாச்சுக்கா அவனுக்கு?"

"அந்த ஆட்டத்து அன்னிக்கு மரத்த கைதான். அப்றம் வந்துச்சு, மறுபடி போச்சு. இப்ப முழுசா விழுந்துடுச்சு. வண்டி ஓட்டி ரெண்டு மாசமாவுது. இப்ப காலும் இழுக்குது. காலைல எழுந்தா தலைவலில செவுத்துல முட்டிக்கறான், வாந்தி எடுக்கறான்."

"ரெண்டு மாசமா ஏன்க்கா சும்மா வெச்சிக்கினு இருந்தீங்க?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க கட்டுன பிராதுதான். ஆஸ்பத்திரிக்குப் போனா மருந்துல நல்லாச்சுன்னு சொல்லிடுவாங்களாம். தொண்ணூறாவது நாளு சாமியே கைய குடுக்குமாம். அப்ப எல்லாருக்கும் தெரியுமாம், அவன் ஆட்டத்த விக்கலன்னு. 'மணி அடிக்கற வரைக்கும் நின்னா போதும்க்கா'ன்றான். இன்னா மணி, எந்த மணி, எனக்கு ஒண்ணும் புரியல."

தீனதயாளனுக்குப் புரிந்தது. அந்த வரப்பில் நின்று அழுவதற்கு அவனுக்கு அருகதை இல்லை என்பதும் புரிந்தது. அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினான். வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் மண்டைக்குள் ஓடியது. கை மரத்தது முதலில். பிராது கட்டியது அதற்கு ஒன்பது நாள் கழித்து. சாமி ஒன்றும் செய்யவில்லை. சாமி பேரைச் சொல்லி அவனை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் கட்டிப்போட்டது தான்தான்.

இளவரசன் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். வலது கை மடியில் யாருடையதோ போலக் கிடந்தது. தீனதயாளனைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"வா மச்சான். இன்னும் பதினோரு நாளு கீதே, அதுக்குள்ள வந்துட்டே?"

"கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போலாம். தொண்ணூறு முடியட்டும்."

"டேய், தப்பு என் மேலடா. கை மரத்துச்சுன்னு சொன்னே, நான் நம்பல. இப்ப நம்பறேன். போதுமா?"

"நீ நம்பறே, சரி. என்னைய இந்தக் கோலத்துல பாத்துட்டு நம்பறே." இளவரசன் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தான். "அந்த அறுநூறு பேரு எதப் பாத்து நம்புவாங்க? மலைக்காரன் வித்துட்டான்னு எழுதினாங்களே, அதுக்கு நீ சிரிச்சியே, அத எப்டி அழிக்கறது? சாமி அழிக்கட்டும். எங்கம்மா சாமி அழிக்கும்."

கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான், காலைப் பிடித்துப் பார்த்தான். அடி வாங்கிக்கொண்டு நிற்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பது தீனதயாளனுக்குத் தெரியாததா? அந்த மூன்று வருஷ வாதத்தில் ஒரு தடவைகூட இளவரசன் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. பிராதே இல்லை என்றாகிவிட்டால் எந்த மணிக்காகக் காத்திருப்பான்?

பிராதைத் திரும்ப வாங்குவதற்கு அந்தக் கோவிலில் ராஜினாமா என்று பெயர். மறுநாள் விடிந்ததும் தீனதயாளன் விருத்தாசலம் போய் ராஜினாமா எழுதினான். எதிராளி மேல் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டு, குற்றம் யார் மேல் என்று எழுத இடம் தேடினான். அப்படி ஒரு இடம் அந்தத் தாளில் இல்லை. சாமி முன்னால் நின்றபோது என்ன வேண்டிக்கொள்வது என்றே அவனுக்குத் தோன்றவில்லை. அவனைக் காப்பாற்று, அவனைக் காப்பாற்று என்று முணுமுணுத்தான். மத்தியானத்துக்குள் மலைக்கு வந்து தாளை நீட்டினான்.

இளவரசன் அதை வாங்கிப் படித்தான். நெடுநேரம் படித்தான்.

"எம்பது நாளு நின்னேன் மச்சான். இன்னும் பத்து நாளு. பத்து நாளு உன்னால பொறுக்க முடியல இல்ல?" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஜெயிக்கற ஆட்டத்த கலச்சிட்டியேடா."

தாளை மடியில் போட்டான். பிறகு இடது கையை நீட்டி, "தூக்கு" என்றான்.

கள்ளக்குறிச்சியில் பார்த்த டாக்டர் அன்றே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி. அங்கிருந்த டாக்டர் தீனதயாளனைத் தனியாகக் கூப்பிட்டு, எப்போதிலிருந்து கை மரத்தது என்று கேட்டார். அவன் தேதி சொன்னான். அந்தத் தேதி அவனுக்கு நன்றாகவே நினைவிருந்தது. அப்போதே வந்திருந்தால் சின்னதாக இருந்திருக்கும், பயமில்லாமல் எடுத்திருக்கலாம் என்றார் அவர். இப்போது எடுத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தினமும் பத்துப் பேரிடம் சொல்லிப் பழகிய குரல்.

"இன்னா சொன்னாரு தம்பி?" என்று கோகிலவாணி வராந்தாவில் ஓடி வந்தாள்.

"ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடுமாம்க்கா." அதற்கு மேல் அவளிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

ஆபரேஷன் அன்று காலை, தலையை மழித்துப் பச்சை உடுப்புப் போட்டுவிட்டிருந்தார்கள். இளவரசன் அவனைக் கிட்டத்தில் கூப்பிட்டான். பேச்சு இப்போது இன்னும் குழறியது.

"குரூப்புல சொல்லிட்டியா?"

தீனதயாளன் சொல்லியிருக்கவில்லை. ராஜினாமா எழுதி ஆறு நாளாகிவிட்டது. சாமியிடம் சொன்னான், அக்காவிடம் சொன்னான், ராதிகாவிடம் சொல்லி அழுதான். அந்த அறுநூறு பேரிடம் மட்டும் சொல்லவில்லை. போனை எடுத்தால் பத்து நிமிஷ வேலை. எடுக்கவில்லை. அலைச்சல், நேரமில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். உண்மை என்னவென்றால், அவர்கள் முன்னால் தலைவர் தலைகுனிய வேண்டும், அதற்கு அவனுக்குத் தைரியம் போதவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் போதவில்லை. மனுஷனுடைய கௌரவம் எவ்வளவு அற்பமானது என்று பாருங்கள்.

"நீ எழுந்து வாடா. உன்ன வெச்சிக்கினே சொல்றேன். எல்லாரு முன்னாடியும் மாப்பு கேக்கறேன். முள்ளாமைய மொதல் எடத்துல வெக்கறேன், போதுமா?"

இளவரசன் பாதி முகத்தால் சிரித்தான். "மொதல் எடமெல்லாம் வேணாம். வேகம் இல்ல அதுக்கு. நாலாவது வெய்யி." அப்புறம் சொன்னான். "மறந்துடாதே மச்சான்."

அவன் மயக்கம் தெளியவே இல்லை. இரண்டாம் நாள் காலை போய்விட்டான். பிராது கட்டிய நாளிலிருந்து எண்பத்தெட்டாம் நாள். மலைக்குக் கொண்டுபோய் அவன் அம்மா பக்கத்திலேயே புதைத்தார்கள். தீனதயாளன் குழிக்குள் மண் தள்ளினான். கோகிலவாணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க வந்ததாலதான் கடைசியா ஆஸ்பத்திரிக்காவது வந்தான் என்று நன்றி சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கப் போனைத் தொடவில்லை. அதற்கு மறுநாள் வயலுக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து திறந்தான். குரூப்பில் காலையிலிருந்தே கும்மாளமாக இருந்தது.

'நாள் 90. தலைவரே, தீர்ப்பு வந்துச்சா?' என்று தமிழழகன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஐம்பது அறுபது பேர். நரி திரும்பி வந்துச்சா என்று கேட்டான் ஒருவன். ஆமைக்கு எத்தனை அடி விழுந்தது என்று கேட்டான் இன்னொருவன். தமிழழகனுக்கோ மற்றவர்களுக்கோ ஒன்றும் தெரியாது. தெரிவிக்க வேண்டியவன் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

தீனதயாளன் எழுதினான்.

'தீர்ப்பு வந்துடுச்சு. இளவரசன் ஜெயிச்சிட்டான். அவன் ஆட்டத்தை விக்கல. அன்னைக்கு நெஜமாவே அவனுக்குக் கை விழுந்துடுச்சு. அவன் சொன்னதை நான்தான் நம்பல. துரோகி நான்தான். அவனைப் பத்திப் பேசினதுக்கு எல்லாரும் மாப்பு கேளுங்க, முதல்ல நான் கேக்கறேன்.'

அனுப்பிவிட்டான். அடுத்த வரியை எழுத வேண்டும். அது இரண்டே வார்த்தைதான். அவன் செத்துப்போயிட்டான். முதல் வார்த்தையை எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். கண் மறைத்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடையில் ஓடிய தண்ணீரையே பார்த்தபடி இருந்துவிட்டான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. போன் மட்டும் கையில் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

திரையைப் பார்த்தபோது, தமிழழகன் இளவரசனைக் குரூப்பில் திரும்பச் சேர்த்திருந்தான். கீழே வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தது. வா தம்பி வா. மன்னிச்சிடு இளவரசா, வாய்த்துடுக்கு. மலைக்காரன்னு எழுதினவன் நான்தான், கையெடுத்துக் கும்பிடறேன். முள்ளாமைக்கு ஒரு ஜே. கை எப்படி இருக்குது, நல்லாயிடுச்சா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்கூட ஜோடி சேருவியா? கல்லூரி வாத்தியார் ஒரு பூமாலைப் படம் போட்டிருந்தார்.

அதை நிறுத்த என்ன எழுதுவது என்று அவன் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே மலையிலிருந்து போன் வந்தது. கோகிலவாணி.

"தம்பி, காரியத்துக்கு ஆளுங்களுக்குச் சொல்லணும் இல்ல, நம்பரெல்லாம் அவன் போன்லதான் கீதுன்னு அத சார்ஜுல போட்டேன். போட்டதுலேருந்து அடிச்சுக்கினே கீது. யார் யாரோ வா வான்னு கூப்புடறாங்க. மாப்பு கேக்கறாங்க. கை நல்லாயிடுச்சா, எப்ப ஆட வரப்போறேன்னு கேக்கறாங்க. நான் இன்னா தம்பி சொல்லட்டும்?"